320 சிடிகளைச் சட்டைப்பைக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி கும்பகோணத்திலிருந்து வந்தது. சுருக்கம் இதுதான்: அப்பா இருபது வருடமாகச் சேர்த்த 320 சிடிகள் வீட்டில் இருக்கின்றன. பாதி கர்நாடக சங்கீதம், மீதி பழைய சினிமாப் பாட்டு. சிடி பிளேயர் தட்டை உள்ளே வாங்கிக்கொள்கிறது, வெளியே தர மறுக்கிறது. பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை. கேட்டவர் மாதம் இரண்டு முறை ரயிலில் சென்னைக்குப் போய்வருபவர். வீட்டில் அப்பா கேட்கவும் பயணத்தில் தான் கேட்கவும் எந்த டிஜிட்டல் பிளேயர் வாங்கலாம், தரம் குறையுமா, அதற்கப்புறம் சிடிகளை என்ன செய்வது என்று கேட்கிறார். அத்தை 2003-ல் கோயிலில் பாடிய கச்சேரியை யாரோ பதிந்து கொடுத்த சிடி ஒன்றும் அந்தக் குவியலில் இருக்கிறதாம்.

எந்த பிளேயர் என்பதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். இந்த வேலையில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐபாட் 2001 அக்டோபரில் வந்தது. 2022 மே மாதம் ஆப்பிள் அதை நிறுத்தியே விட்டது. இன்று நீங்கள் வாங்கும் பெட்டிக்கும் ஐந்தாறு வருடத்தில் அதே கதிதான், பாட்டரி உப்பிக்கொள்ளும் அல்லது புது மாடல் வந்துவிடும். உங்கள் உண்மையான வேலை இரண்டு. சிடியில் இருப்பதை ஒரு குறையும் இல்லாமல் கோப்பாக எடுப்பது; எடுத்ததற்கு நம் வீட்டில் பாட்டைக் கேட்கிற விதத்தில் பெயர் வைப்பது. இரண்டாவதுதான் முதுகை உடைக்கும்.

நான் இதை இரண்டு தடவை செய்தவன். முதல் தடவை 2009-ல். கம்ப்யூட்டரோடு வந்த ஏதோ ஒரு மென்பொருளில் சிடியைப் போட்டு, அது காட்டிய பட்டனை அமுக்கி, 180 சிடிகளை ஒரே மாதத்தில் முடித்துவிட்டு ரொம்பப் பெருமையாக இருந்தேன். எல்லாம் நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3, அதாவது தரத்தைக் குறைத்து நன்றாகச் சுருக்கிய கோப்புகள். பாதிக்கு மேல் பெயர் ‘டிராக் 01’, ‘டிராக் 02’. ஒரு நாகஸ்வர சிடிக்கு மட்டும் வரிசையாக அழகான பெயர்கள் வந்து விழுந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் போர்ச்சுகீசிய மொழியில் ஏதோ நடனப் பாட்டுகள். சிடிக்குள் பாட்டின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. டிராக்குகளின் நீளங்களை வைத்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, இணையத்தில் உள்ள பட்டியலில் அந்த எண்ணைத்தான் மென்பொருள் தேடுகிறது. இரண்டு தட்டுகளுக்கு ஒரே எண் வந்துவிட்டால் தோடி ஆலாபனை பிரேசிலுக்குப் போய்விடும். மூன்று வருடம் கழித்து அந்த ஹார்டு டிஸ்க் ‘டக் டக்’ என்று தட்ட ஆரம்பித்து, ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தது. வேறு பிரதி கிடையாது. மறுபடி முதல் தட்டிலிருந்து ஆரம்பித்தேன். கீழே சொல்வதில் பாதி அந்தச் சூட்டில் கற்றது.

முதலில் தரம். சரியாக எடுத்தால் தரம் குறையவே குறையாது. சிடியில் இருப்பதே எண்கள்தான். நொடிக்கு 44,100 தடவை, ஒவ்வொன்றும் 16 பிட்டில், இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாக அளந்து வைத்த எண்கள். 1982-ல் சோனியும் பிலிப்ஸும் சந்தைக்குக் கொண்டுவந்தபோது இருந்த அதே கணக்குதான் இன்றைக்கும். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். அதை அப்படியே சேமிக்கலாம், ஆனால் இடம் வீண். ஃபிளாக் என்ற வடிவத்தில் வைத்தால் ஜிப் கோப்பு மாதிரி மடித்து வைத்துக்கொள்ளும். விரித்தால் ஒரு எண்கூட மாறியிருக்காது. அளவு பாதியிலிருந்து அறுபது சதவீதத்துக்குள் வந்துவிடும். பழைய மோனோ பாட்டுகள் இன்னும் சின்னதாக மடியும், இடதும் வலதும் ஒன்றேதானே. ஒரு மணி நேரத் தட்டு 300 முதல் 350 எம்பி என்று வைத்துக்கொண்டால், உங்கள் 320 சிடிகளும் 110 ஜிபி அளவில் அடங்கும். விரல் நகம் அளவுள்ள 256 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில் பாதிகூட நிரம்பாது.

எம்பி3 வேறு ஜாதி. காதுக்குத் தெரியாது என்று அது நினைப்பதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும். அதிலேயே உயர்ந்த அளவான நொடிக்கு 320 கிலோபிட்டில் என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 128-ல் தெரியும். தம்பூராவின் ரீங்காரம் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி ஆகிவிடும், கஞ்சிராவும் ஜால்ராவும் ‘ஸ்ஸ்’ என்று கரையும். பின்னே ஏன் ஃபிளாக்? ஃபிளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எம்பி3 செய்துகொள்ளலாம். எம்பி3-யிலிருந்து சிடியைத் திரும்பப் பெற முடியாது. பாலிலிருந்து மோர் வரும், மோரிலிருந்து பால் வராது. இதனால்தான், அப்பாவின் குவியலில் அட்டையில் ‘150 பாடல்கள்’ என்று போட்ட எம்பி3 சிடிகள் இருந்தால் அவற்றை ஃபிளாக்காக மாற்ற மெனக்கெட வேண்டாம். அப்படியே காப்பி எடுத்துத் தனி ஃபோல்டரில் போடுங்கள். மாற்றினால் இடம்தான் நாலு மடங்கு தின்னும்.

இனி எடுக்கும் வேலை. இப்போதைய லேப்டாப்களில் சிடி டிரைவ் இல்லை. யுஎஸ்பி-யில் மாட்டும் டிவிடி ரைட்டர் ஒன்று வாங்குங்கள். அதை ஹப் வழியாக மாட்டாமல் நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள், ஹப்பில் மின்சாரம் போதாமல் திணறும். விண்டோஸ் என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக் என்றால் எக்ஸ்எல்டி, லினக்ஸ் என்றால் விப்பர். மூன்றும் காசில்லாமல் கிடைப்பவை. ஏன் இவ்வளவு குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், ஆடியோ சிடியில் ஒரு சூது இருக்கிறது. டேட்டா சிடியில் ஒரு பிட் படிக்க முடியாவிட்டால் கம்ப்யூட்டர் ‘முடியவில்லை’ என்று சொல்லிவிடும். ஆடியோ சிடியில் கீறல் வந்த இடத்தில் டிரைவ் முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து, நடுவில் தானே ஒன்றை ஊகித்துப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி போய்க்கொண்டே இருக்கும். கேட்கும்போது அது நல்லதுதான், பாட்டு நிற்காது. காலத்துக்கும் வைத்துக்கொள்ளப் போகிற பிரதியில் அது கூடாது. மேலே சொன்ன மென்பொருள்கள் சந்தேகம் வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும், கடைசியில் எந்த டிராக்கில் எந்த நொடியில் தோற்றது என்று எழுதியும் கொடுக்கும்.

உலகத்தில் அதே தட்டை எடுத்த மற்றவர்களின் கோப்போடு ஒப்பிட்டு ‘சரி’ என்று சொல்ல ஆக்யுரேட்ரிப் என்ற பட்டியல் இருக்கிறது. இங்கிலீஷ் இசைத்தட்டு என்றால் நூறு பேர் எடுத்திருப்பார்கள். நம்முடைய கச்சேரி சிடியை உங்களுக்கு முன்னால் யாருமே எடுத்திருக்காமல் போகலாம். ‘பட்டியலில் இல்லை’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ என்று ஒரு தெரிவு இருக்கும். அது ஒரே டிராக்கை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போனால் நிம்மதியாக அடுத்ததற்குப் போகலாம். நல்ல தட்டு ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஆகும். 320 தட்டுக்கு ஐம்பது மணி நேரத்துக்கு மேல். ஒரே மூச்சில் உட்காராதீர்கள். நான் சாயங்காலம் செய்திகள் ஓடும்போது பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நாளுக்கு நாலைந்து என்று எடுத்தேன். ஐப்பசியில் ஆரம்பித்தது தையில் முடிந்தது.

கழுவுவது பற்றியும் கொஞ்சம். நம் ஊர் ஈரத்தில் சிடியின் மேல் பூஞ்சை மேகம் மாதிரி படர்ந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டு, விரலால் தடவி, பழைய காட்டன் வேட்டித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால், துணியில் ஒட்டிய மண் துகள் டிராக்கின் போக்கிலேயே கீறிக்கொண்டு போகும், அதைப் படிப்பதுதான் மிகக் கஷ்டம். பளபளப்பான அடிப்பக்கத்தில் சின்னக் கீறல் இருந்தால் பரவாயில்லை, அங்கே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. பெயர் அச்சடித்த மேல்பக்கத்தில்தான் உயிர். வெள்ளிப் படலத்துக்கும் உங்கள் நகத்துக்கும் நடுவில் மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டுமே. தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசி முனைத் துளைகள் மினுக்கினால் அந்த இடத்தில் படலமே போய்விட்டது. அப்புறம் பற்பசை வைத்தியம். எங்கள் தெருவில் எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். சின்னக் கீறலுக்குச் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் கண்ணாடியை மரப்பட்டை ஆக்கிவிடும். வேறு டிரைவில் போட்டுப் பார்த்தும் தோற்ற பிறகுதான் அதைத் தொடுவேன்.

இப்போது பெயர் வைக்கும் படலம். இந்த மென்பொருள்களையெல்லாம் செய்தவர்கள் மனதில் வைத்திருக்கும் ஏற்பாடு இப்படி: ஒரு பாடகர், அவருடைய ஆல்பம், அதில் பத்துப் பாட்டு. நம் வீட்டில் யாராவது அப்படிக் கேட்கிறார்களா? “அந்த எம்எஸ்வி பாட்டு போடு”, “சுசீலாம்மா பாடினது ஒண்ணு வருமே, சிவாஜி படம்” என்றுதான் கேட்போம். படம், இசையமைப்பாளர், பாடியவர், நடிகர், இந்த நாலில் எது ஞாபகம் வருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவோம். சும்மா விட்டால் மென்பொருள் ஒரே படத்தின் ஐந்து பாட்டையும் ஐந்து பாடகர் பெயரில் ஐந்து ஆல்பமாகச் சிதறடித்து வைக்கும். கோப்புக்குள் விவரம் எழுத ஆல்பம், ஆர்ட்டிஸ்ட் என்று சில இடங்கள் உண்டு. அவற்றில் நான் வைத்திருக்கும் வழக்கம்: ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயரும் வருடமும், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் பாடியவர்கள். பாடலாசிரியர் பெயரைக் கம்போசர் என்ற இடத்தில் போட்டுக்கொள்கிறேன். இலக்கணப்படி அது தப்பு. ஆனால் கண்ணதாசன் பாட்டு மட்டும் வரிசையாகக் கேட்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தோன்றும்போது அந்தத் தப்பின் அருமை தெரியும்.

ஒரே சிடியில் இரண்டு மூன்று படங்கள் இருக்குமே, அதைத் தயங்காமல் பிரித்துவிடுங்கள். ‘டூயட் ஹிட்ஸ் பாகம் 3’ மாதிரித் தொகுப்புகளில் உள்ளதையும் அந்தந்தப் படத்தின் பெயரிலேயே போடுங்கள். தட்டு எந்தக் கடையில் எந்த அட்டையில் வந்தது என்பது பாட்டுக்குத் தேவையில்லை. இதில் ஒரே பாட்டு மூன்று தொகுப்பிலிருந்து மூன்று பிரதியாக வந்து சேரும். மூன்றையும் கேட்டுப் பார்த்து நல்லதை வையுங்கள். பிற்காலத்துப் பதிப்பு ஒன்றில் எதிரொலியைச் சேர்த்து, சத்தத்தைக் கூட்டி, டிஎம்எஸ் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலச் செய்திருப்பார்கள். பழைய மங்கலான தட்டு பல நேரம் அதைவிட எவ்வளவோ மேல்.

கச்சேரி சிடிக்கு இந்த ஏற்பாடும் போதாது. அங்கே பாட்டின் பெயர் பாதி விலாசம்தான். ஒரே தோடி கீர்த்தனையை ஆறு பேர் பாடி வைத்திருப்பார்கள், அப்பா கேட்பது அதில் ஒருவருடையதைத்தான். நான் தலைப்பிலேயே மூன்றையும் எழுதிவிடுகிறேன்: கீர்த்தனையின் முதல் சொற்கள், ராகம், தாளம். கம்போசர் இடத்தில் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்று முறையாகவே வரும். இசை வகையைக் குறிக்கும் ஜான்ரா என்ற இடத்தில் ‘கர்நாடக சங்கீதம்’ என்று எழுதி என்ன பிரயோஜனம், எல்லாமே அதுதானே. அங்கே ராகத்தின் பெயரைப் போட்டேன். இன்று என் பிளேயரில் ஜான்ரா என்று தட்டினால் ஆரபி, பிலஹரி, பைரவி என்று அகரவரிசையில் வந்து நிற்கிறது. ஒரே ராகத்தை ஐந்து பேரிடம் அடுத்தடுத்துக் கேட்க முடிகிறது. சிடி காலத்தில் அதற்கு ஐந்து தடவை எழுந்து போக வேண்டும். சிடியோடு வந்த சின்ன அட்டையில் வயலின், மிருதங்கம், கடம் யார் என்று இருக்கும். தட்டு கையில் இருக்கும்போதே அதைக் கமென்ட் என்ற இடத்தில் தட்டச்சு செய்துவிடுங்கள், இல்லையென்றால் மொபைலில் படமாவது எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

இதற்கு எம்பி3டேக் என்ற மென்பொருள் போதும், பெயர் அப்படி இருந்தாலும் ஃபிளாக்கையும் திருத்தும். தமிழில் எழுதுவதா, ஆங்கில எழுத்தில் எழுதுவதா என்று ஒரு சண்டை வரும். என் ஆசை தமிழ்தான். ஆனால் மலிவான சின்ன பிளேயர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து சரியாக வருவதில்லை. ஒன்று கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பும் காலும் தனித்தனியாகக் கழன்று நிற்கும், ‘கோபால’ என்பது ஏதோ புது மொழி ஆகிவிடும். கார் ஸ்டீரியோக்களும் அதே ரகம். ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர் என்றால் தமிழ் ஒழுங்காக வரும். நீங்கள் எதில் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியாததால், கோப்பின் பெயரும் ஃபோல்டரின் பெயரும் ஆங்கில எழுத்தில், உள்ளே இருக்கும் தலைப்பு தமிழில் என்று வைத்துக்கொள்வது சமரசம். ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் நில்லுங்கள். இளையராஜா பெயரை ‘ராஜா’வில் ஒரு ‘ஏ’, இரண்டு ‘ஏ’, நடுவில் ‘ஐ’யோடு, ‘ஐ’ இல்லாமல் என்று எழுதி வைத்து என் வீட்டில் நாலு இளையராஜாக்கள் இருந்தார்கள். ஒருவரிடம் 12 படம், இன்னொருவரிடம் 3.

டிராக் எண்ணை 1, 2, 3 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். ‘1’க்கு அடுத்து ‘10’-ஐப் பாடும் கருவிகள் இன்னும் இருக்கின்றன. கார் ஸ்டீரியோக்கள் சில இன்னும் விசித்திரம், பென்டிரைவில் எந்த வரிசையில் காப்பி செய்தீர்களோ அந்த வரிசையில்தான் பாடும்.

வீட்டுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் ‘அப்பா’ என்ற சொல்தான் முக்கியம். உங்களுக்குச் சுகமான ஏற்பாடு அவருக்குத் தண்டனை ஆகிவிடக் கூடாது. நான் எங்கள் அம்மாவுக்காக ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, லிரியான் என்ற இசை சர்வரைப் போட்டு, மொபைலில் செயலி நிறுவி, எல்லாம் பிரமாதமாகச் செய்து கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனால் அம்மா பழைய ரேடியோவில் கேட்டுக்கொண்டிருக்கிறார். “அது பாட்டுக்கு ஏதோ அப்டேட் கேட்கிறது, எனக்கு எதற்கு வம்பு” என்றார். இப்போது அவரிடம் இருப்பது யுஎஸ்பி துளை உள்ள ஒரு சின்ன ஸ்பீக்கர் செட், பெரிய பட்டன் உள்ள ரிமோட், மூன்றே ஃபோல்டர் உள்ள பென்டிரைவ்: காலை, சினிமா, கச்சேரி. ரிமோட்டில் ஃபோல்டர் மாற்றும் பட்டனில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு அந்தப் பொட்டை அமுக்கினால் சுப்ரபாதம்.

உங்கள் அப்பாவிடம் ஏற்கனவே ஆம்ப்ளிஃபயரும் நல்ல ஸ்பீக்கரும் இருந்தால் அவற்றை விட்டுவிடாதீர்கள். செத்தது சிடி பிளேயர் மட்டும்தானே. ஆம்ப்பில் யுஎஸ்பி துளை இருந்தால் அது ஃபிளாக் பாடுமா என்று முதலில் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். பல ஆம்ப்கள் எம்பி3 மட்டுமே பாடும். பல, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவை மட்டுமே படிக்கும். 64 ஜிபி கார்டும் பென்டிரைவும் கடையிலிருந்து பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருவதால் ‘நோ டிவைஸ்’ என்று காட்டும். பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து நான் ஒன்றைத் தூக்கியே போட்டிருக்கிறேன். துளையே இல்லாத ஆம்ப் என்றால் வைஃபையில் பாட்டை வாங்கி ஆம்ப்புக்குத் தரும் ஸ்ட்ரீமர் பெட்டி ஒன்றைச் சிடி பிளேயர் இருந்த அதே இடத்தில், அதே ஒயரில் மாட்டலாம். விம் என்ற பெயரில் வருபவை என் அனுபவத்தில் தொல்லை தரவில்லை. பாட்டுகளை உள்ளேயே நிரப்பி விற்கும் சரிகம நிறுவனத்தின் காரவான் பிளேயர் 2017-ல் வந்தது, தமிழ்ப் பதிப்பும் உண்டு. அப்பாவுக்கு அதன் ரேடியோ முகம் பிடிக்கலாம். உள்ளே இருப்பது அவர்கள் நிறுவனத்துப் பாட்டுகள் மட்டும்தான் என்றாலும், பென்டிரைவ் செருக இடம் இருக்கிறது.

ராஸ்பெர்ரி பை வழியில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கரண்ட் போய் வரும் ஊரில் அதன் மெமரி கார்டு திடீரென்று படுத்துவிடும். இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள்.

பயணத்துக்கு மொபைல் போதாதா? முக்கால்வாசிப் பேருக்குப் போதும். கார்டு போடும் இடம் உள்ள ஃபோனில் ஃபிளாக் கோப்புகளைப் போட்டுக்கொண்டால் வேறு எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் ஊருக்கு ஊர் சிக்னல் போய்வரும் ரயிலில் செயலி வழியாகக் கேட்பதை நம்பாதீர்கள். வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது பல்லவி முடிந்துவிடும். செயலிகளில் இன்னொரு தொல்லை, உரிமைச் சண்டை வந்தால் போன வாரம் இருந்த படம் இந்த வாரம் இருக்காது. தனி பிளேயர் வாங்குவதற்கு என்னைப் பொறுத்தவரை ஒரே நல்ல காரணம், ரயிலில் ஃபோனின் பாட்டரியைப் பாட்டுக்குச் செலவழிக்காமல் இருக்கலாம், நடுவில் அழைப்பும் வராது. சோனி வாக்மேன், ஃபியோ, ஹைபி என்று பல விலையில் கிடைக்கின்றன. வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்: மைக்ரோ எஸ்டி கார்டு போட இடம் உண்டா, கண்ணால் பார்க்காமல் பையில் கைவிட்டே அமுக்கும்படி நிஜமான பட்டன்கள் உண்டா, இடைவெளி இல்லாமல் பாடுமா.

கடைசியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சினிமாப் பாட்டு கேட்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. கச்சேரி சிடியில் ராகம் ஒரு டிராக், தானம் அடுத்தது, பல்லவி அடுத்தது, மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் அதற்கடுத்தது என்று வெட்டியிருப்பார்கள். பாடியவர் நிறுத்தவில்லை, வெட்டியது மட்டும்தான். சிடி பிளேயரில் அந்த ஒட்டு தெரியாது. சில டிஜிட்டல் பிளேயர்கள் ஒவ்வொரு கோப்பு முடிந்ததும் கால் நொடி மூச்சு விடும். எம்பி3 என்றால் கோப்பின் இரு முனையிலும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துகொள்வதால் இன்னும் மோசம். மிருதங்கக்காரர் தீர்மானம் என்ற முத்தாய்ப்பை வைத்து, தாளத்தின் தொடக்கமான சமத்தில் இறங்கும் அந்தக் கணத்தில் ஒரு பள்ளம். தாளம் போட்டுக்கொண்டிருக்கும் கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். கேப்லெஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் உங்கள் கார்டையே கடைக்குக் கொண்டுபோய் அந்த இடத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

புளூடூத் ஹெட்ஃபோன் வைத்துக்கொண்டால் ஃபிளாக்கின் பெருமை பாதி வழியிலேயே கரைந்துவிடும். சாதாரண புளூடூத் சத்தத்தை மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது. சோனியின் எல்டாக் என்ற உயர்தர புளூடூத் முறைகூட உச்சமாக நொடிக்கு 990 கிலோபிட், சிடியின் கணக்கு 1,411. ஜன்னல் திறந்த ஸ்லீப்பர் பெட்டியில் அந்த வித்தியாசத்தைக் கேட்பவர் யாராவது இருந்தால் அவர் காலில் விழுவேன். அங்கே தேவை, காதை நன்றாக அடைக்கிற இயர்ஃபோன். வெளிச்சத்தம் உள்ளே வராவிட்டால் பாட்டின் சத்தத்தைக் கூட்ட வேண்டி வராது, காதும் பிழைக்கும்.

பழைய தட்டுகள் சத்தம் குறைவாகவும் 2000-க்குப் பிறகு வந்தவை அலறலாகவும் இருப்பதால், கலந்து போட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் கை வால்யூமுக்குப் போகும். ரீப்ளேகெயின் என்று ஒரு குறிப்பைக் கோப்புகளில் எழுதிவிட்டால் பிளேயரே சமப்படுத்திக்கொள்ளும், பாட்டின் எண்களைத் தொடாது. கச்சேரிக்கு ‘ஆல்பம்’ முறையைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் மெல்லிய ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

பிரதிகள். ஹார்டு டிஸ்க் ஒன்று வீட்டில், இன்னொன்று வேறு வீட்டில், அக்கா வீடோ மாமா வீடோ. பிளேயரில் உள்ள கார்டைப் பிரதி என்று எண்ண வேண்டாம், அது தொலையத்தான் பிறந்தது. ஃபிளாக் கோப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் அதைச் சரிபார்க்கும் ஓர் எண் இருக்கிறது. ஆயுத பூஜை அன்று எல்லாக் கோப்புகளையும் ஒரு தடவை சரிபார்க்கும் வழக்கம் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறோமே, அதோடு இதுவும்.

சிடிகளை விற்காதீர்கள், தூக்கிப் போடாதீர்கள். சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்துவதைக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது; தட்டை விற்றுவிட்டுக் கோப்பை வைத்துக்கொள்வதும், தெரிந்தவர்களுக்கெல்லாம் பென்டிரைவில் நிரப்பிக் கொடுப்பதும் வேறு கதை. பிளாஸ்டிக் டப்பாக்கள்தான் இடத்தை அடைக்கின்றன. தட்டையும் அட்டையையும் மெல்லிய உறையில் போட்டால் 320-ம் இரண்டு ஷூ பெட்டிக்குள் அடங்கும். வெயில் படாத, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.

கடைசியாக அத்தையின் தட்டு. வரிசையில் அதுதான் முதலாவது, கடையில் வாங்கிய மற்ற 319-க்கும் முன்னால். கடையில் வாங்கியவை அச்சில் வார்த்தவை. வீட்டில் பதிந்த சிடி-ஆர் சாயத்தில் எழுதியது, வெயிலுக்கும் வருடத்துக்கும் வெளுத்துப்போகும். உலகத்தில் வேறு பிரதியும் கிடையாது. அதன் மேல் காகித லேபிள் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், வெள்ளிப் படலமும் சேர்ந்து வந்துவிடும். லேபிள் சுருங்கித் தட்டு சுற்றும்போது அதிர்ந்தால் படிக்கும் வேகத்தை 4 மடங்குக்கோ 8 மடங்குக்கோ குறையுங்கள். மேலே மார்க்கர் பேனாவில் எழுதியிருப்பதைத் துடைக்கும் முன் ஒரு படம் எடுங்கள், தேதியும் கோயில் பெயரும் அங்கே மட்டும்தான் இருக்கக்கூடும். ஒரு டிரைவ் படிக்காவிட்டால் நண்பர் வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பின் டிரைவில் போட்டுப் பாருங்கள். லேப்டாப் டிரைவ் கைவிட்டதைப் பழைய டிரைவ் படித்ததை நான் மூன்று தட்டுகளில் பார்த்திருக்கிறேன். எடுத்து முடித்ததும் அத்தையை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி, என்ன பாட்டு, என்ன ராகம், வயலின் யார் வாசித்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த டிராக்குகளின் பெயர் எந்த இணையப் பட்டியலிலும் வராது.